அப்பா, அம்மா... நடுவுல டான்யூப்!

சின்னதா ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாமா?

உங்க அப்பாவும் அம்மாவும், நீங்க யாரும் ஒட்டிக்காம, ரெண்டே பேரா வெளியூர் போய் ஒரு ராத்திரி தங்கினது கடைசியா எப்போ?

கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில் எல்லாம் ஆட்டத்துல சேத்தி இல்லை. ஆஸ்பத்திரிக்குத் துணையா போனதும் செல்லாது. சும்மா... ஊர் பாக்க... ரெண்டு பேர் மட்டும்?

முழிக்கிறீங்களா? நானும் இப்படித்தான் முழிச்சேன். ரொம்ப நேரம் யோசிச்சப்புறம் எங்க வீட்டுக்குக் கிடைச்ச பதில், 'ஒரு தடவைகூட இல்லை!' கல்யாணமாகி 29 வருஷம் பாஸ்!

அந்தக் கணக்கு மாறினது போன ஜூன் மாசம், புடாபெஸ்ட்ல. ஹங்கேரி நாட்டுத் தலைநகரம். டான்யூப் ஆத்துக்கு மேற்கே மலையும் கோட்டையுமா புடா, கிழக்கே சமவெளியில பெஸ்ட். தனித்தனி ஊரா இருந்ததுகளை, பக்கத்துல இருந்த ஓபுடாவையும் சேர்த்து, 1873-ல ஒரே நகரமாக்கிட்டாங்க. எங்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. எங்க ஊர் குமாரபாளையம். பாலத்தைத் தாண்டினா பவானி. நடுவுல காவிரி. என்ன, எங்களை யாரும் ஒண்ணா சேர்த்து ஒரே பேர் வைக்கலை. அவ்ளோதான் வித்தியாசம்!

நாங்க எப்படி புடாபெஸ்ட் போனோம்கிறது ஒரு குட்டி ஃபிளாஷ்பேக்.

அக்கா இருக்கறது ஆஸ்திரியாவுல, வியன்னாவுல. ஏப்ரல்ல பாப்பா பிறந்தா. பிரசவத்துக்குத் துணையா அம்மாவும் அப்பாவும் மூணு மாச விசாவுல போனாங்க. செமஸ்டர் லீவுக்கு மூணு வாரம் நானும் போய் ஒட்டிக்கிட்டேன். பாப்பா அழகு, ஊர் அழகு, எல்லாம் சூப்பர். ஆனா வீட்டுக்குள்ள ஏதோ சரியில்லைன்னு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. அப்பாவும் அம்மாவும் பேசிக்கலை.

சத்தம் போட்டு சண்டையெல்லாம் கிடையாது. எங்கப்பா ஸ்டைலே வேற. 'உன் இஷ்டம்'னு ரெண்டே வார்த்தை. உங்க வீட்லயும் இந்த ரெண்டு வார்த்தை இருக்கும். அதுக்கு அகராதியில என்ன அர்த்தமோ, வீட்ல ஒரே அர்த்தம்தான்... போர்ப் பிரகடனம்!

காரணம் இதுதான். அக்கா திரும்ப வேலைக்குப் போகணும். பாப்பாவைப் பாத்துக்க அம்மா வேணும். அந்த விசாவுல எந்த 180 நாளை எடுத்துக்கிட்டாலும் 90 நாள்தான் இருக்க முடியும். அதனால 'மூணு மாசம் இங்கே, மூணு மாசம் நம்ம ஊர்ல'ன்னு அக்கா ஒரு பிளான் போட்டா. அம்மாவுக்குச் சம்மதம். 'நீங்களும் வாங்கப்பா'ன்னு அக்கா கூப்பிட்டா. 'ரெண்டு பேருக்கும் சேத்து ஒவ்வொரு தடவையும் டிக்கெட்டா? கட்டுபடியாகாது'ன்னு மறுத்துட்டார். 'அப்ப நான் மட்டும் வர்றேனுங்க'ன்னு அம்மா சொல்ல... வந்தது அந்த ரெண்டு வார்த்தை.

இதுக்குள்ள இன்னொரு பழைய கணக்கும் இருக்கு. அப்பா பேங்க் ஆபீசர். தர்மபுரி, நாகர்கோவில், நடுவுல ரெண்டு வருஷம் ஒடிஷான்னு டிரான்ஸ்ஃபர் மேல டிரான்ஸ்ஃபர். எங்க படிப்பு கெடக்கூடாதுன்னு நாங்க குமாரபாளையத்துலயே இருந்தோம். எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லருந்து அவர் 'சனிக்கிழமை அப்பா'தான். சனிக்கிழமை ராத்திரி பஸ்ல வருவார். திங்கக்கிழமை நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள போயிருப்பார். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனார். அதாவது, ஒருவழியா அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரம் பாத்து, அம்மா கிளம்பறாங்க!

அக்கா கெட்டிக்காரி. கல்யாண நாளைச் சாக்கு வச்சு புடாபெஸ்ட்ல ஒரு ராத்திரிக்கு ரூம் போட்டுட்டா. என்னைத் தனியா கூப்பிட்டு, "நீயும் கூடப் போ. விட்டா ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பாத்துட்டே போய்ட்டு வந்துருவாங்க"ன்னா. ஆக, ஜோடி டூருக்கு மூணாவது டிக்கெட் நான். மூணு கட்டில் போட்ட ரூம். கையில 14 இடங்களோட எக்ஸெல் ஷீட். அதுலயும் நான் சிவில் இன்ஜினீயரிங்கா... 14-ல அஞ்சு பாலம்!

வியன்னாவுலருந்து ரயில்ல ரெண்டே முக்கால் மணி நேரத்துக்குள்ள போயிடலாம். அந்த ரெண்டே முக்கால் மணி நேரமும் நான் போஸ்ட்மேன் வேலை பாத்தேன்.

"கண்ணு, உங்கப்பாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு."

"வேண்டாம்னு சொல்லு தம்பி."

ரெண்டு பேரும் உக்காந்திருந்தது அடுத்தடுத்த சீட்ல!

கெலெட்டி ஸ்டேஷன்ல இறங்கினதும் யூரோவை மாத்தினோம். அங்கே பணம் ஃபோரிண்ட். 20,000 ஃபோரிண்டுக்கு ஒரே நோட்டு உண்டு. 35 வருஷம் நோட்டு எண்ணின கை சும்மா இருக்குமா? அப்பா ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தார். 5,000 நோட்டுல கண் நின்னுடுச்சு.

"யாரு தம்பி இவரு?"

செல்லுல தேடிச் சொன்னேன். சேச்செனி இஷ்த்வான். சேச்செனி குடும்பப் பேர், இஷ்த்வான் சொந்தப் பேர். ஹங்கேரியில குடும்பப் பேர்தான் முதல்ல வரும். "நம்ம இனிஷியல் மாதிரி"ன்னார் அப்பா. அந்த நோட்டை மட்டும் சட்டைப் பையில தனியா வச்சுக்கிட்டார்.

அங்கருந்து மெட்ரோ. 2014-ல திறந்த நாலாவது லைன். டிரைவரே கிடையாது. அதுவே ஆத்துக்கு அடியில புகுந்து புடா பக்கம் போகுதுன்னு நான் சொன்னதும், அம்மா என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. நல்லவேளை, ஆறு வர்றதுக்கு முன்னாடியே எங்க ஸ்டேஷன் வந்துடுச்சு.

மேலே ஏறினா பெரிய மார்க்கெட். 1897-ல திறந்த இரும்புக் கூடாரம். எங்க பாத்தாலும் சரஞ்சரமா காஞ்ச மிளகாய். அங்கே அது பாப்ரிகா. நம்ம ஊருக்கு போர்ச்சுகீசியர் கொண்டு வந்த மிளகாய், அங்கே துருக்கிக்காரங்க மூலமா போச்சு. பூர்விகம் ரெண்டுக்கும் அமெரிக்கக் கண்டம். அம்மா ஒரு மிளகாயை மோந்து பாத்துட்டு, "காரமே இல்ல கண்ணு, இதை வச்சு என்னத்தைக் குழம்பு வைக்கிறது?"ன்னு ஒட்டுமொத்த ஹங்கேரியையும் ஃபெயிலாக்கிட்டாங்க.

மாடியில லாங்கோஷ். பூரிக்கு அண்ணன்னு வச்சுக்கங்களேன். தட்டு அகலத்துக்கு மைதா மாவைப் பொரிச்சு, மேலே பூண்டு, புளிப்பு கிரீம், துருவின சீஸ். மூணு பேருக்கும் ஒண்ணே போதும். ஆனா ரெண்டு பேரும் ஒரே தட்டுல கை வைக்க மாட்டேன்னு இருந்தாங்க. அதனால ரெண்டு வாங்கினேன். ஒண்ணரை லாங்கோஷ் என் வயித்துக்குள்ள போச்சு. ஜோடிக்கு நடுவுல மாட்டினவன் வயிறு இப்படித்தான் வீங்கும்!

மார்க்கெட் வாசல்லயே பச்சைப் பெயின்ட்ல சுதந்திரப் பாலம். 1896-ல பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் கடைசி ரிவெட்டை வெள்ளியில அடிச்சுத் திறந்து வச்சது. முதல்ல அவர் பேருதான் இருந்துச்சு. பாக்க தொங்குபாலம் மாதிரி வளைஞ்சு இருக்கும். ஆனா தொங்குபாலம் இல்லை... கான்டிலீவர். ரெண்டு தூண்லருந்து கை நீட்டி நடுவுல சந்திக்கிற ரகம். ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ்ல அரியர் வச்சிருக்கிறவன் கிடைச்ச சான்ஸை விடுவானா? லெக்சர் ஆரம்பிச்சேன். அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பினா, பக்கத்துல யாரும் இல்லை.

அந்தப் பாலத்துல ரெண்டு ஓரத்துலயும் நடைபாதை. நடுவுல டிராமும் காரும். அம்மா இந்தப் பக்கம் முன்னால நடந்துட்டு இருக்காங்க. அப்பா எப்போ மாறினாரோ, அந்தப் பக்க ஓரத்துல நடந்துட்டு இருக்கார். இரும்புக் கம்பியில காலைத் தொங்கப்போட்டு உக்காந்திருந்த அந்த ஊர் காலேஜ் பசங்க யாருக்கும் இது புரிஞ்சிருக்காது. எனக்குப் புரிஞ்சது. இந்த டூர் ஃபிளாப்!

திரும்பி பெஸ்ட் கரைக்கு வந்து ரெண்டாம் நம்பர் டிராம் ஏறினோம். ஆத்தை ஒட்டியே போற டிராம். ஜன்னல் பக்கம் உக்காந்தா பாதி புடாபெஸ்ட் முடிஞ்சது. எதிர் சீட்ல ஒரு குட்டிப் பையன் அவங்க அப்பா சட்டையை இழுத்து என்னமோ கூப்பிட்டான். எங்கப்பா டக்னு திரும்பிப் பாத்தார். ஹங்கேரியில அப்பாவுக்குப் பேர் 'அப'. காதுல விழறப்போ கொஞ்சம் 'ஒப' மாதிரி இருக்கும். (உடனே ரெண்டு மொழிக்கும் சொந்தபந்தம்னு கிளம்பிடாதீங்க. சும்மா அமைஞ்சது!) இன்னொண்ணும் உண்டு. நாம 'வீடு'ங்கிற சொல்லோட 'இல்' சேத்து 'வீட்டில்'னு சொல்ற மாதிரி, அவங்களும் 'ஹாஸ்'னா வீடு, 'ஹாஸ்பன்'னா வீட்டில்னு வாலைச் சேத்துப் பேசறாங்க. அம்மா அந்தப் பையனைப் பாத்துச் சிரிச்சாங்க. சிரிச்ச கையோட அப்பாவையும் பாத்துட்டு, சட்டுனு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க.

நாடாளுமன்றத்துக்கிட்ட இறங்கினோம். 268 மீட்டர் நீளம், 691 அறை, 96 மீட்டர் உயரம். ஊர்ல இருக்கிற ஸ்டீஃபன் பெரிய கோயிலும் அதே 96 மீட்டர்தான். கி.பி. 896-ல ஹங்கேரியர்கள் இந்த மண்ணுக்கு வந்ததோட அடையாளம் அந்தக் கணக்கு. இதை வரைஞ்ச ஷ்டைண்டல் இம்ரெவுக்குக் கட்டடம் முடியறதுக்குள்ள பார்வை போயிடுச்சு. 1902-ல இறந்தும் போயிட்டார். வேலை முழுசா முடிஞ்சது 1904-ல. "பாவம், கட்டுனவரு பாக்கலையா?"ன்னாங்க அம்மா. இந்தக் கேள்வியை ஞாபகம் வச்சுக்கங்க. ராத்திரி திரும்ப வரும்.

அதுக்குக் கொஞ்சம் தெக்கே, ஆத்தங்கரை விளிம்புல வரிசையா செருப்பு, ஷூ. ஆம்பளை ஷூ, குதிகால் வச்ச பொம்பளை செருப்பு, குட்டிக் குழந்தையோடது. 60 ஜோடி. எல்லாம் இரும்பு. 1944-45 பனிக்காலத்துல 'அம்பு சிலுவை'ங்கிற ஹங்கேரிய நாஜிக் கட்சி ஆளுங்க யூதர்களை இந்தக் கரைக்குக் கொண்டு வந்து நிறுத்தி, செருப்பைக் கழட்டச் சொல்லிட்டு, சுட்டு ஆத்துல தள்ளினாங்க. செருப்புக்கு விலை இருந்துச்சு. மனுஷனுக்கு இல்லை. 2005-ல சான் தோகாய்ங்கிற சினிமா இயக்குநரும் பவர் ஜுலாங்கிற சிற்பியும் அவங்க நினைவா இதை வச்சாங்க.

நான் இதைச் சொல்லி முடிக்கலை. அம்மா தன் செருப்பைக் கழட்டிட்டு நின்னாங்க. கோயில் வாசல்ல நிக்கிற மாதிரி. யாரும் சொல்லலை. அவங்களுக்கா தோணியிருக்கு. குழந்தை ஷூகிட்ட குனிஞ்சு பாத்தவங்க, நிமிராமலே கூப்பிட்டாங்க.

"ஏனுங்க... இங்க பாருங்க. எத்தனை சின்னதுன்னு."

என்னை இல்லை. அப்பாவை! பத்து நாளைக்கு அப்புறம் முதல் வார்த்தை. அப்பா போனார். அவரும் ஷூவைக் கழட்டிட்டு பக்கத்துல நின்னார். நான் போகலை. போஸ்ட்மேனுக்கு அங்கே வேலை இல்லைன்னு அந்த நேரம் எனக்கே தெரிஞ்சது.

ஜூன்ல அங்கே எட்டரை மணிக்கும் வெயில் இருக்கு. ரூமுக்கு வந்து அம்மா கட்டிட்டு வந்த புளிசாதத்தைப் பிரிச்சோம். அப்பா சட்டைப் பையிலருந்து அந்த 5,000 நோட்டை எடுத்து, "இவரு கதையை முழுசா சொல்லு தம்பி"ன்னார்.

சொன்னேன். 1820 டிசம்பர்ல சேச்செனியோட அப்பா வியன்னாவுல இறந்துட்டார். சேதி கிடைச்சு ஓடி வந்தவர் பெஸ்ட் கரையில மாட்டிக்கிட்டார். அப்போ இங்கே நிரந்தரப் பாலமே இல்லை. படகுகளைச் சேத்துக் கட்டின மிதவைப் பாலம்தான். குளிர்காலம் வந்தா அதையும் எடுத்துடுவாங்க. ஆறு முழுக்கப் பனிக்கட்டி. ஒரு வாரம் கரையிலயே காத்துக்கிடந்தார். அந்த வலியிலதான் நிரந்தரமா ஒரு பாலம் வேணும்கிற எண்ணம் அவருக்குள்ள விழுந்துச்சுன்னு சொல்றாங்க. ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. 1825-ல தன்னோட ஒரு வருஷ வருமானம் முழுக்கக் கொடுத்து அறிவியல் அகாடமி தொடங்க வச்சவர். பாலத்துக்காகவும் வருஷக்கணக்கா அலைஞ்சார். இங்கிலாந்துக்காரர் வில்லியம் டியர்னி கிளார்க் வரைபடம் போட்டார். ஸ்காட்லாந்துக்காரர் ஆடம் கிளார்க் பக்கத்துல நின்னு கட்டினார். (ரெண்டு கிளார்க்கும் சொந்தம் இல்லை!) 1849 நவம்பர் 20-ல சங்கிலிப் பாலம் திறந்தாச்சு. தூணுக்குத் தூண் 202 மீட்டர். அந்தக் காலத்துல உலகத்தோட பெரிய பாலங்கள்ல ஒண்ணு.

"அப்புறம் அவரு அந்தப் பாலத்துல வியன்னாவுக்குப் போனாராக்கும்?"ன்னார் அப்பா.

இல்லை. திறக்கறதுக்கு முந்தின வருஷமே, 1848 புரட்சி நேரத்துல, சேச்செனிக்கு மனசு உடைஞ்சுபோச்சு. வியன்னா பக்கத்துல டோப்ளிங்ல இருந்த மனநல விடுதியில சேத்தாங்க. 1860-ல சாகற வரைக்கும் அங்கேதான். கட்டி முடிச்ச பாலத்துல அவர் ஒரு தடவைகூட நடக்கலை.

ரூம்ல சத்தமே இல்லை. அம்மாதான் பேசினாங்க. "கட்டறவங்களுக்கு அதுல இருக்கக் கொடுத்து வைக்கறதில்ல. உங்கப்பா பேங்க்ல லோன் போட்டு வீடு கட்டுனாரு. அதுல ஒரு வாரம் சேந்தாப்ல இருந்ததில்ல. திண்ணையில எத்தனை சனிக்கிழமை உக்காந்திருப்பேன்..."

குத்திக்காட்டற தொனி இல்லை. இருந்தாலும் அப்பா முகம் மாறினதைப் பாத்தேன். அடுத்து 'உன் இஷ்டம்' வரும்னு பயந்து, பேச்சை மாத்த வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கிட்டார்.

"நாங்க அந்தப் பாலம் வரைக்கும் நடந்துட்டு வர்றோம்."

"இருங்கப்பா, நானும் வர்றேன்."

"நீ படு கண்ணு. காலு வலிக்குதுன்னியே"ன்னாங்க அம்மா.

நான் எப்போ சொன்னேன்? பல்பு! நல்ல ஆயிரம் வாட்ஸ் பல்பு. கதவு சாத்திக்கிச்சு. மணி ஒன்பதரை.

பத்தரை... பதினொண்ணு... பதினொண்ணே முக்கால். போன் பண்ணினேன். ரெண்டு செல்லும் ரூம்லயே, ஒண்ணு சார்ஜர்ல, ஒண்ணு தலையணை மேல, மாத்தி மாத்தி அடிக்குது! பாஸ்போர்ட் என் பையில. மொழி தெரியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி வேற. நான் ஹாஸ்டல்லருந்து லேட்டா வந்தா அம்மா எதுக்கு அவ்ளோ கத்துவாங்கன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது. ஓடினேன்.

ஆத்தங்கரையிலயே வடக்கால நடந்தா இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துல சங்கிலிப் பாலம். நடுவுல வெள்ளையா எலிசபெத் பாலம். 1903-ல கட்டின பழசு போரோட போச்சு. இப்போ நிக்கறது 1964-ல திறந்தது. போரோட போச்சுன்னா அது ஒண்ணு மட்டும் இல்லை. 1945 ஜனவரியில பின்வாங்கின ஜெர்மன் படை மிச்சமிருந்த பாலங்களையும் வெடி வச்சுத் தகர்த்துட்டுத்தான் போச்சு. புடா ஒரு கரை, பெஸ்ட் ஒரு கரைன்னு ஊர் திரும்ப ரெண்டாச்சு. நான் காலையில லெக்சர் கொடுத்த பச்சைப் பாலம் 1946-ல திரும்ப நின்னுச்சு. சங்கிலிப் பாலம் 1949 நவம்பர் 20-ல. முதல் தடவை திறந்து சரியா 100 வருஷம் கழிச்சு, அதே தேதி.

பாலத்து முனையில பெரிய கல் சிங்கங்கள். அதுங்களுக்கு நாக்கு செதுக்க மறந்துட்டாங்கன்னு ஊர்ல ஒரு கதை. நாக்கு இருக்கு, கீழேருந்து பாத்தா தெரியாது, அவ்ளோதான். சிங்கத்தைத் தாண்டி நடந்தேன். தூணைச் சுத்தி நடைபாதை வெளிப்பக்கமா வளைஞ்சு போற இடத்துல அவங்களைப் பாத்தேன்.

அம்மா கைப்பிடியில சாஞ்சு நின்னு பேசிட்டே இருக்காங்க. கையை ஆட்டி ஆட்டி. எங்கம்மா இவ்ளோ நீளமா பேசி நான் பாத்ததில்லை. அப்பா கேட்டுட்டு நிக்கிறார். அம்மாவோட ஹேண்ட்பேக் அப்பா தோள்ல! எங்க ஊர்ல காய்கறிப் பையைக்கூட அம்மா கையில கொடுத்துட்டு பத்தடி முன்னால நடக்கிற ஆள் அவர். நடுவுல அப்பா என்னமோ சொன்னார். சுருக்கமாத்தான். அம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் சிரிச்சாங்க. அப்பாவும்.

காத்துல எனக்கு ஒரு வார்த்தைகூட கேக்கலை. 'ஏம்ப்பா, போனை ஏன் விட்டுட்டு வந்தீங்க?'ன்னு கத்தணும்னு வந்தவன் நான். சத்தமில்லாம திரும்பி நடந்தேன். என் ஷீட்ல இல்லாத ஒரு இடத்துக்கு அவங்க போயிருந்தாங்க.

பன்னிரண்டரைக்கு ரூம் கதவு மெதுவா திறந்துச்சு. நான் போர்வைக்குள்ள தூங்கற நடிப்பு. இருட்டுல அப்பா குரல்.

"மெதுவா அம்மிணி... பையன் தூங்கறான்."

அம்மிணி! எங்க பக்கம் செல்லமா கூப்பிடற வார்த்தை. எங்கப்பா எங்கம்மாவை அப்படிக் கூப்பிடுவார்னு இருபது வருஷமா எனக்குத் தெரியாது.

மறுநாள் மலை ரயில்ல கோட்டைக்குப் போனோம். 1870-ல ஓட ஆரம்பிச்சு, போர்ல சேதமாகி, 1986-ல திரும்ப வந்தது. மீனவர் கொத்தளத்துல ஏழு கோபுரம், இங்கே முதல்ல வந்த ஏழு ஹங்கேரியக் குலங்களுக்கு ஒண்ணொண்ணு. மேலேருந்து பாத்தா ஆறு, ரெண்டு கரை, பாலங்கள்னு ஊரே படம் மாதிரி விரியும். அம்மாவும் அப்பாவும் அவங்களே கேட்டு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. 14 இடத்துல ஆறுதான் முடிஞ்சது. யாரும் வருத்தப்படலை.

சாயங்காலம் வியன்னா ரயில். அடுத்தடுத்த சீட். அப்பா ஹோட்டல் ரசீதைத் திருப்பி வச்சுக்கிட்டு பேனாவைத் திறந்தார்.

"ம்... சொல்லு. புளி எத்தனை?"

"நெல்லிக்காய் அளவுங்க."

"ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

"ஒருத்தருக்குங்க."

ரெண்டு நிமிஷம் எனக்குப் பிடிபடலை. அப்புறம் பிடிபட்டுச்சு. அம்மா வியன்னா போகப்போறாங்க. அப்பா வீட்ல இருக்கப்போறார். பாலத்துல அப்பா சொன்ன சுருக்கமான விஷயம் எதுவா இருக்கும்னு நீங்களே யூகிச்சுக்கங்க. நான் இன்னிக்கு வரைக்கும் கேக்கலை.

இப்போ அம்மா வியன்னாவுல ரெண்டாவது ரவுண்ட். ராத்திரியானா அப்பாகிட்டருந்து ஒரு ரசம் போட்டோ போகுது. 'உப்பு கம்மி மாதிரி தெரியுது'ன்னு போட்டோவைப் பாத்தே பதில் வருது! நான் ஹாஸ்டல்லருந்து சனிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போறேன். திங்கக்கிழமை விடியறதுக்குள்ள பஸ் ஏறிடறேன். ஆமா, இப்போ சனிக்கிழமை ஆள் நான். பஸ் லேட்டானா திண்ணையில ஒருத்தர் உக்காந்திருக்கார். அந்த 5,000 நோட்டு அவர் பர்ஸ்லதான் இருக்கு. செலவு பண்ணலை.

சரி, உங்க விஷயத்துக்கு வருவோம். புடாபெஸ்ட் எல்லாம் வேண்டாம். எங்க அக்கா மாதிரி ஒருத்தி கிடைக்கணுமே! ஏற்காடு போதும், கன்னியாகுமரி போதும். நம்ம ஊர் ஆத்துப் பாலமே தாராளம். ரூம் போடுங்க. லிஸ்ட் போடாதீங்க. முக்கியமா, டிக்கெட் ரெண்டே ரெண்டு எடுங்க.

மூணாவது டிக்கெட்டுல போய்ட்டு வந்தவன் சொல்றேன்... அது வேஸ்ட்!